பொன்விழாவில் பறந்த ஈக்கள்

என்மேல் இன்னும் கொஞ்சமாவது பாசம் மிச்சம் வைத்திருக்கும் லவோன் அக்காவுக்கு, தம்பி வெர்லின் தலைகுனிந்து எழுதுவது. இங்கே நான் நலம், தவளைகளும் நலம், பனி மட்டும் பாதி ஜன்னல் வரை ஏறி நிற்கிறது. நீயும் செல்மர் அத்தானும் நலமாக இருக்கவும், இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்கவும் ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன்.

நேற்று போனில், நம் சர்ச் மார்லிஸை ஈஸ்டருக்குள் மன்னித்துவிடப் போவதாகச் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ மன்னிக்க வேண்டிய ஆள் அவள் இல்லை அக்கா, நான்தான். உங்களுடைய ஐம்பதாவது கல்யாண நாள் விருந்தில், சர்ச்சின் கீழ்த்தளத்தில், ஈ என்ற ஒன்றையே யாரும் நினைத்துப் பார்க்காத ஜனவரி மாதத்தில் பறந்த அத்தனை ஈக்களும் மார்லிஸின் வாழைப்பழ சாலட்டிலிருந்து வந்தவை அல்ல. அவை என் வீட்டில் நான் வளர்த்தவை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

டெரெக் அலாஸ்காவுக்கு வேலைக்குப் போகும்போது அந்த நீலத் தவளைகளை அப்பன் என் தலையில் கட்டிவிட்டுப் போனது உனக்குத் தெரியும். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவுதான், ஆனால் நாக்குத் திமிர் ஜாஸ்தி. செத்ததைத் தொடாது. கண்ணுக்கு முன்னால் நகர்ந்தால்தான் அதைச் சாப்பாடு என்றே ஒத்துக்கொள்ளும். அதற்காகத்தான் பழ ஈ வளர்க்கக் கற்றுக்கொண்டேன். உருளைக்கிழங்கு மாவு, சர்க்கரை, வினிகர், ஈஸ்ட் எல்லாவற்றையும் குழைத்துப் பிளாஸ்டிக் கப்பில் போட்டு, நாலு ஈயை விட்டு, துணியால் மூடி ரப்பர் பேண்டு போட்டுவிட்டால் மிச்சத்தை அவையே பார்த்துக்கொள்ளும். நீ அதைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டபோது நான் என்ன சொன்னேன்? "அக்கா, இது பறக்கத் தெரியாத ரகம், றெக்கை சும்மா அழகுக்குத்தான்" என்றேன். சத்தியமாக அப்போது அது உண்மை. ஆனால் தவளைகள் முட்டையிட்டுக் குடும்பம் பெருகிப்போய் ஈ பற்றாக்குறை வந்துவிட்டது. சூடாக இருந்தால் சீக்கிரம் வளரும் என்று கப்புகளைக் கொண்டுபோய் வெந்நீர்த் தொட்டியின் மேல் வைத்தேன். சூட்டில் வளர்ந்தால் இந்த ரகத்துக்குப் பறக்க வந்துவிடும் என்று டெரெக் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அவன் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான் என்று நான் விட்டுவிட்டேன்.

விருந்தன்றைக்கு அந்தக் கப்புகளை ஏன் கொண்டுவந்தாய் என்று கேட்பாய். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி இதே தவளை வளர்க்கிறாள், அவளுடைய ஈயெல்லாம் செத்துப்போய்த் தவளைகள் பட்டினி. திரும்பிப் போகும் வழியில் கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். காரில் விட்டுவிட்டு வந்தால் அந்தக் குளிரில் கல்லாகிவிடும். அதனால் கேரலின் பழைய கேக் டப்பாவுக்குள் அடுக்கி உள்ளே தூக்கி வந்து, சமையலறைப் பின் அலமாரியில் வைத்தேன். மூடியில் அவள் ஒட்டிய பெயர்ச் சீட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. செத்துப்போன பெண்டாட்டியின் கேக் டப்பாவில் ஈயை அடைத்துக்கொண்டு போனவன் நான். எழுதவே கூசுகிறது. நம் சர்ச்சுக்குள் யாரும் கையை வீசிக்கொண்டு வருவதில்லை, கேக் டப்பாவோடு வந்தால் அது கேக்தான், யாரும் கேள்வி கேட்பதும் இல்லை. கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, நாலு பேரிடம் பேசிவிட்டு வந்து பார்த்தால் டப்பா இனிப்பு மேஜையில், உங்கள் பொன்விழாக் கேக்குக்குப் பக்கத்தில், திறந்து கிடக்கிறது. ஒரு கப்பின் துணி கழன்றிருந்தது. யார் கை பட்டதோ தெரியாது. நான் சட்டென்று மூடி, கோட்டுகளுக்கு அடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்தால், பறக்கத் தெரியாத என் ஈக்கள் ஜம்மென்று பறக்குதுங்க அக்கா.

நம்ம ஜனங்களைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. ஒருத்தராவது ஈ என்று வாய் திறந்தார்களா? கோப்பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, இந்த வருஷம் பனி பரவாயில்லை என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர், கீழே ஊற்றினால் உன் மனசு சங்கடப்படும் என்று ஈயோடு சேர்த்துக் காப்பியைக் குடித்தார். பாதிரியாரின் மூக்கில் ஒன்று உட்கார்ந்தது, அன்றைக்கு ஆமென் ரொம்பச் சீக்கிரம் வந்தது. அத்தான் மட்டும் பழரசத்திலிருந்து ஒன்றை விரலால் எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் உன்னைப் பார்த்துச் சிரித்தார். உனக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். அப்புறம் நீ சாலட் பாத்திரத்தின் அருகே போய், குரலை உயர்த்தாமல், "வாழைப்பழம் கொஞ்சம் கூடுதலா பழுத்திருந்துச்சோ என்னவோ, மார்லிஸ்" என்றாய். நம் ஊரில் அது தூக்குத் தண்டனை. மார்லிஸ் என்னைப் பார்த்தாள். நான் என் ஹாம் சாண்ட்விச்சைப் பார்த்தேன். அவள் "இருக்கலாம், லவோன்" என்று சொல்லிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஒரு வார்த்தை, 'என்னுடைய ஈ' என்று சொல்லியிருந்தால் போதும், நான் சொல்லவில்லை. தவக்கால சூப் விருந்துக்கான சமையல் ஆட்களில் நீ அவளைச் சேர்க்கவில்லை என்று கேள்விப்பட்டதும் வெட்கத்தில் உடம்பு குறுகிப்போனது. கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்யக்கூடப் பிடிக்கவில்லை. கேரல் இருந்திருந்தால் என் காதைப் பிடித்து இழுத்துவந்து உன் முன்னால் நிறுத்தியிருப்பாள். ஆகவே முடிவு செய்துவிட்டேன். தவளைகளை டீச்சருக்கே கொடுத்துவிடுகிறேன், டெரெக்கிடம் நான் பேசிக்கொள்கிறேன். கப்புகளைப் பனியில் வைத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று எல்லோர் முன்பாகவும் சொல்லிவிடுகிறேன். நீ மட்டும் மார்லிஸுக்குப் போன் செய்து, அவளைச் சமையலறைக்கும், அவள் சாலட்டை மேஜைக்கும் மரியாதையோடு திரும்பக் கூப்பிட வேண்டும். அது ஒன்றுதான் நான் கேட்பது.

அத்தானுக்கு என் அன்பு. அவர் விரலிடமும் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். உங்கள் இருவருக்கும் இன்னும் பல கல்யாண நாட்களை, ஈ இல்லாமல், ஆண்டவர் தரட்டும்.

இப்படிக்கு,
முகம் காட்ட முடியாத தம்பி
வெர்லின்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வாசலில் மார்லிஸ். கோட்டுகளுக்கு அடியில் நான் மறந்துவிட்டு வந்த கேக் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தாளாம். வாயால் சொல்லத் துணிவில்லாமல் இந்தக் கடிதத்தையே அவள் கையில் கொடுத்துவிட்டேன். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தாள்.

"டப்பாவ மேஜைக்குக் கொண்டுபோய்த் திறந்ததே நான்தான், வெர்லின்" என்றாள். "மேல கேரல் பேரு இருந்துச்சு. அவ போனதுக்கப்புறம் அந்த சாக்லேட் கேக்க நான் தின்னதே இல்ல. ஒருவேளை நீ செய்யக் கத்துக்கிட்டியோன்னு ஒரு ஆசை."

பிறகு ஏன் வாயை மூடிக்கொண்டு பழியைச் சுமந்தாய் என்று கேட்டேன்.

"இருபது வருஷமா அந்த சாலட்டச் செய்யறேன். எனக்கு வாழைப்பழமே பிடிக்காது. போதும்னு சொன்னா உங்க அக்கா மனசு நோகுமேன்னு செஞ்சுக்கிட்டே இருந்தேன். இப்பத்தான் விடுதலை கிடைச்சிருக்கு, நீ எழுதிக் கெடுத்துடாத."

இப்போது தவளைத் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவை ஈ பிடிப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறாள். தவளையை யாருக்கும் கொடுக்கக் கூடாதாம், மேலே நான் கேட்ட போனையும் நீ செய்யக் கூடாதாம். கேரலின் கேக் செய்முறை உன்னிடம் இருந்தால் உடனே அனுப்பு. குற்றம் என்னுடையதுதான், அதில் மாற்றம் இல்லை, என்னை நீ எப்போது வேண்டுமானாலும் மன்னித்துக்கொள். மார்லிஸை மட்டும் தயவுசெய்து மன்னித்துவிடாதே அக்கா.