சராசரியாருக்கு மதியம் ஆகாது

சராசரியார் என்றொரு இனம் உண்டு. பெயரைக் கேட்டுவிட்டு, பாவம், நம்மைப் போன்ற சாதாரண மனிதர் என்று ஏமாந்துவிடாதீர்கள். காலையில் ஒரு மாதிரி, மதியம் ஒரு மாதிரி, ராத்திரி வேறு மாதிரி என்று மாறிக்கொண்டே இருக்கும் எதையும் இவர்களுக்குப் பிடிக்காது. எல்லாவற்றையும் கூட்டி, வகுத்து, ஒற்றை எண்ணாக்கி, ஆணி அடித்து மாட்டினால்தான் உயிர் வரும். இந்த இனத்தின் முதல்தரச் சரக்கு ஒருவர் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறார். மூத்த பொறியாளர்.

கட்டடம் எழும்பும் முன்பே, அதற்குள் காற்று எப்படி ஓடும், சூடு எப்படிப் பரவும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது எங்கள் பிழைப்பு. சுவர் எவ்வளவு சுடும் என்று நாம் சொன்னால் மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். சுவர் என்ன, நாள் முழுக்க ஒரே மாதிரியா சுடும்? வெயில் ஏற ஏறச் சுடும், சாயச் சாய ஆறும். அதனால் நேரவாரியாகப் பட்டியல் கொடுக்கவும் வசதி உண்டு. அந்த வசதி சராசரியாரின் கண்ணுக்கு மட்டும் தெரியாது. 'நிலையான வெப்பநிலை' என்ற கட்டத்தை விட்டு அவருடைய சுட்டி நகர்ந்ததே இல்லை.

குளிரில் வைக்கவேண்டிய மருந்துகளுக்காக ஒரு கிடங்கு கட்டப்போவதாக ஒரு முதலாளி எங்களிடம் வந்தார். புதிதாகச் சேர்ந்திருந்த பெண் பொறியாளர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"சார், மேற்குச் சுவர் மத்தியானத்துக்கு மேல கொதிக்கும். நேரத்துக்கு ஏத்த மாதிரி வெப்பநிலை கொடுத்துடலாமா?"

"எதுக்கும்மா வீண் வேலை? மத்தியானம் ஏறுது, ராத்திரி இறங்குது. ரெண்டும் சரியாப் போச்சு. சராசரியைப் போடு."

அந்தப் பெண்ணும் போட்டார். திரை முழுக்க நீலம், அதாவது எங்கும் குளிர்ச்சி. படம் அழகாக இருந்தால் கணக்கும் சரி என்பது சராசரியாரின் கட்சி. கிடங்கு முதலாளியும் தலையாட்டினார். கிடங்கு எழும்பியது.

முதல் கோடையிலேயே மேற்குச் சுவரோரம் அடுக்கியிருந்த இன்சுலின் ஊசி மருந்தெல்லாம் கெட்டுப்போனது. கிடங்கின் மருந்தாளுநர் பார்த்து, அவை வெளியே போகாமல் தடுத்ததால் பிழைத்தோம். ஆனால் மருந்துக் கடைகளுக்கு வந்த சர்க்கரை நோயாளிகள் வெறுங்கையோடு திரும்பினார்கள். முதலாளி எங்கள் அலுவலகத்துக்குள் புயலாக நுழைந்தார்.

சராசரியார் அசந்தாரா? "நாள் முழுக்கச் சேர்த்துப் பாருங்க சார், நாங்க சொன்ன சூடுதான் வரும்."

"யோவ், மத்தியானம் கெட்டுப்போன மருந்து ராத்திரி நல்லாயிடுமாய்யா?"

நேரவாரிப் பட்டியல் கொடுத்தே ஆகவேண்டும் என்றானது. புதியவளிடம் கேட்டால் கௌரவம் என்ன ஆவது? தாமே உட்கார்ந்து தட்டினார். மென்பொருள் நேரத்தை நொடியில் கேட்டது. இவர் மணிக்கணக்கை அப்படியே கொடுத்தார். மென்பொருளுக்கு என்ன தெரியும்? இருபத்துநான்கு மணி இருபத்துநான்கு நொடியானது. நாலைந்து கொட்டாவி விடும் நேரத்துக்குள் சூரியன் உதித்து, உச்சிக்கு ஏறி, மறைந்தும் போனது. சுவரின் சூடு உள்ளே எட்டிப் பார்க்கக்கூட நேரமில்லை. மறுபடியும் ஒரே நீலம்.

"பாத்தீங்களா? பட்டியல் கொடுத்தாலும் அதேதான்!" என்று முதலாளியிடம் மார்தட்டினார்.

அந்தப் பெண் எழுந்து வந்தார். மணியை நொடியாக்கினார், ஓட்டினார். பிற்பகல் ஏற ஏற மேற்குச் சுவரோரம் சிவப்பு வழிந்து, கடைசி அடுக்குவரை படர்ந்தது. முதலாளி நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்கப்புறம் சராசரியார் பக்கம் அவர் திரும்பவே இல்லை. சுவருக்கு வெப்பத் தடுப்பு வைத்தார்கள், அடுக்குகளை நகர்த்தினார்கள். அடுத்த கோடையில் மருந்து பிழைத்தது.

சராசரியார்? 'நேரத்தோடு மாறும் வெப்பநிலை: என் அனுபவங்கள்' என்று நிர்வாகத்தின் முன் ஓர் உரை நிகழ்த்தினார். பலத்த கைதட்டல், பதவி உயர்வு. கைதட்டாத ஒரே ஆள் அந்தப் பெண்தான். அவருக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால், காலையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுத மகளையும், சாயங்காலம் வாசலில் நின்று சிரித்த மகளையும் ஒன்றாகக் கூட்டி வகுத்து, "நல்லா இருக்காங்க" என்று சட்டென்று சொல்கிறீர்களே, அது எந்த நேரத்துக் கணக்கு?