யாழ்ப்பாணத்து வாத்தியார் வீட்டுச் சொதி

பெண் வீட்டாருக்கே தெரியாமல் மாப்பிள்ளையான ஒருவன் திருநெல்வேலிச் சீமையில் உண்டென்றால் அது நான்தான். (வெளியே சொல்லிக்கொள்ளும் பெருமையில்லை.)

அப்போது பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். கூட வேலை பார்த்த பெரியவர் யாழ்ப்பாணத்துக்காரர்; மனைவி, மகளோடு இங்கே குடிவந்திருந்தார். சமையலுக்கு ரம்பை இலை இல்லாமல் அந்த வீடே வாடிக் கிடந்தது. கொழும்புக் கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, ரயிலேறி இங்கே சேருவதற்குள் அந்த வாசனை இலை வைக்கோலாகிவிடும்.

"இஞ்ச கிடைக்கிற இலை ஏதும் சரிவருமோ, தம்பி?" என்று என்னைக் கேட்டார். மகள் கதவோரம் நின்றாள். அவ்வளவுதான், ஆற்றங்கரையில் மணக்கிற செடியெல்லாம் என் பைக்குள் வந்தது. துளசி, திருநீற்றுப்பச்சை, மாடுகூட முகர்ந்துவிட்டு ஒதுங்கிய ஏதோ ஒன்று.

கடைசியில் எலுமிச்சை இலை சரிப்பட்டது. சந்தோஷத்தில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சோற்றின் மேல் அந்த அம்மாள் ஊற்றியது தேங்காய்ப்பால் சொதி! எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் அது கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குப் போடும் விருந்து. "இன்னும் கொஞ்சம் விடட்டே?" என்று கேட்கக் கேட்க, வெட்கத்தோடு வாங்கி வாங்கிச் சாப்பிட்டேன்.

தச்சநல்லூரில் எங்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் அப்பா திடுக்கிட்டார். "என்னலே சொல்லுத? தாலி கட்டுததுக்கு முந்தியே சொதி வச்சிட்டாவளா?"

"ஆமாப்பா."

"அப்பம் நாம சும்மா இருந்தா மரியாதையில்லலே."

மறுநாள் காலையில் பூ, பழம், வெற்றிலைத் தட்டோடு போய் நின்றோம். அங்கே ஏற்கெனவே பந்தி நடந்துகொண்டிருந்தது. முற்றத்தில் விறகு வண்டிக்காரர், கூடத்தில் எங்கள் தலைமை வாத்தியார் (பேரன் பேத்தி எடுத்தவர்). எல்லார் இலையிலும் இடியாப்பம், மேலே சொதி.

அப்பா என் காதருகே குனிந்தார். "ஏலே, இத்தன பேருமா மாப்பிள்ளை?"

"எங்கட வீட்டில நாளாந்தம் சொதிதானே" என்றார் பெரியவர். பிறகு தட்டைப் பார்த்து முகம் மலர்ந்தார். "மகளுக்கு ஊரில கலியாணம் பேசி முற்றாயிட்டுது. அதுக்குள்ள உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அப்பாவும் பந்தியில் உட்கார்ந்து இடியாப்பம் சாப்பிட்டார். எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அவளை அவ்வளவு பிடித்திருந்தது. ஆற்றில் விழலாமென்றால், கோடையில் தாமிரபரணியில் முழங்கால் தண்ணீர்தான்.

பிறகு எனக்கும் கல்யாணமாகி, பெண்கள் பிறந்து வளர்ந்துவிட்டார்கள். இன்றைக்கும் கல்யாணமாகாத பையன் எவன் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும், என் மனைவி அகப்பையை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு சொல்லிவிடுவாள்:

"தம்பி, இது சும்மா சொதிதான். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீய."