பக்கத்து அறைப் பேச்சு

செவிலியர் கையேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தை மேசைமேல் விரித்து, அச்சக முதலாளி ஒரு வரியின் கீழே விரலை வைத்தார்.

"இதை நீங்களே படிங்க."

கழுகு படித்தார். 'நோயாளியைக் கனிவுடன் பார்த்துக்கொல்ல வேண்டும்.'

முப்பது வருடமாகப் பிழை திருத்துகிறவருக்கு அச்சகத்தில் எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர்தான் கழுகு. ஒரு புள்ளி விடுபட்டாலும் உயரத்திலிருந்தே பார்த்துவிடுவார் என்று. அவர் கண்ணிலிருந்து இப்போது ஒரு கொலையே தப்பியிருந்தது.

"வீட்ல அவங்க போய் மூணு மாசம்தான் ஆகுது, எனக்குப் புரியுது. கொஞ்ச நாள் ஓய்வு எடுங்க. இதை வேற ஆள்கிட்ட..."

"வேலையும் இல்லைன்னா அந்த வீட்ல நான் என்னங்க பண்றது?"

முதலாளி தாள்கட்டை அவர் பக்கமே திருப்பித் தள்ளினார். ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்.

வேலை செய்ய அமைதி வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து மனைவியோடு மல்லுக்கு நின்றவர் அவர். இப்போது வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும். ஊசியைப் போடத்தான் ஆளில்லை. அந்த அமைதியில் அச்சுத்தாளை எடுத்தால் ஒரே வரியை ஏழு தடவை படித்தார். எட்டாவது தடவை அது வேறு பாஷையாகிவிட்டது.

சத்தம் இருந்தால் சரியாகுமோ என்று ரேடியோவை வைத்தார். பேனா ஓடத்தான் செய்தது. மங்கலாக இருந்த ஒரு வரியை ஓரத்தில் தெளிவாக எழுதி அனுப்பினார். அச்சுக்கோப்பவர் கழுகின் எழுத்தை என்றைக்குச் சந்தேகப்பட்டார்? 'காயத்தைச் சுத்தம் செய்தபின் ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும்' என்று அப்படியே கோத்துவிட்டார்.

சரி, மனிதக் குரலாவது வேண்டும் என்று எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஓட்டுநரை வரவழைத்து, கூடத்தில் உட்கார வைத்தார்.

"நீங்க பாட்டுக்குப் பேசிட்டிருங்க. என்னை எதுவும் கேட்காதீங்க."

"கேட்கல. ஆனா ஒண்ணே ஒண்ணு. உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?"

அன்று மதியத்துக்குள் ஓட்டுநர் நாற்பது கேள்வி கேட்டிருந்தார். கழுகு இரண்டு பக்கம் திருத்தியிருந்தார். இரண்டும் தலைகீழாக வைத்த தாள்கள்.

மறுநாள் அந்த ஓட்டுநருக்கே பல்வலி வர, துணைக்குக் கழுகும் பல் மருத்துவமனைக்குப் போனார். காத்திருக்கும் அறையில் சும்மா இருப்பானேன் என்று அச்சுத்தாளை மடியில் விரித்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் வரவேற்புப் பெண் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ம்... அப்புறம்? அவ என்ன சொன்னா? அப்படியா சொன்னா?"

கழுகு நிமிர்ந்தபோது பதினோரு பக்கம் முடிந்திருந்தது. மறுபடி சரிபார்த்தார். ஒரு பிழை இல்லை.

அடுத்த நாள் அவரே தனியாகப் போனார். நோயாளி இல்லாமல் எப்படி உட்காருவது? டோக்கன் வாங்கினார். பதிமூன்று பக்கம் முடிந்தபோது அவர் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"எந்தப் பல்?" என்றார் மருத்துவர்.

கழுகு ஏதோ ஒன்றைக் காட்டினார்.

"இது ஆடவே இல்லையே."

"உள்ளுக்குள்ள ஆடுது டாக்டர். ரொம்பத் தொந்தரவு."

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இவருக்குப் பல்லைக் கொடுத்துத்தான் சொல் திரும்பி வந்தது. ஆனால் கையேட்டில் இன்னும் முந்நூறு பக்கம் இருந்தது. வாயில் அத்தனை பல் இல்லை.

வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இருட்டாத மாலையில் வீடு திரும்பினார். கதவைத் திறந்ததும் பழக்க தோஷத்தில், "கொஞ்சம் மெதுவாப் பேசேன்" என்று வாயில் வந்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது. தினமும் காலை பத்து மணி. சமையலறையில் அவள் போனைக் காதில் வைத்துத் தங்கையோடு பேச ஆரம்பிப்பாள். "ம்... அப்புறம்? சொல்லுடி." இவர் இங்கிருந்து அதட்டுவார். இரண்டு நிமிஷம் குரல் தாழும், பிறகு மறுபடி உயரும். முப்பது வருடமாக அந்தக் குரலில்தான் அவர் பேனா ஓடியிருக்கிறது. தெரியாமல், அதை நிறுத்தச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டார்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார். பல் பிடுங்கிய வலி என்று நினைத்து எதிர்வீட்டு ஓட்டுநர் மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனி பார்க்க வந்தாள். கழுகு வெகுநேரம் தயங்கிவிட்டுச் சொன்னார்.

"ஒரு உதவி வேணும்மா. தினமும் பத்து மணிக்கு எனக்குப் போன் பண்ணு. நான் அதைச் சமையலறையில வச்சுடறேன். என்கிட்ட நீ பேச வேண்டாம். அக்காகிட்ட பேசுவியே, அது மாதிரி பேசிட்டிரு போதும்."

மைத்துனி கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பத்து மணிக்கு நான் எப்பவும் வேலையில இருப்பேனே அத்தான், அந்த நேரத்துல அக்கா எனக்கு ஒருநாள்கூட போன் பண்ணினதில்ல, 'நான் பேச்சை நிறுத்தினா அவர் பேனாவும் நின்னுடுதுடி, அதான் சும்மா போனைக் காதுல வச்சுக்கிட்டுப் பேசுறேன்'னு மட்டும் சொல்லுவா."