பார்சல் பேசக் கூடாது

எழுபதுகளில் அமெரிக்காவுக்குப் போன மயிலாப்பூர்ப் பையன்களெல்லாம் தங்கள் மூளையால் முன்னுக்கு வந்ததாக இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுத்தப் பொய். அவர்களை ஆளாக்கியது அபிராமபுரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் மாடிப் போர்ஷனில் குடியிருந்த பார்சல் மாமாதான். அவர் கட்டி அனுப்பிய தட்டையும் பருப்புப் பொடியும் போய்ச் சேர்ந்திராவிட்டால், பாதிப் பேர் முதல் பனி விழுந்ததுமே மூட்டையைக் கட்டிக்கொண்டு மீனம்பாக்கத்தில் வந்து இறங்கியிருப்பார்கள்.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டில் இருந்திருக்கும். தெருவில் யாருக்கும் தெரியாது. கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஏதோ ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில், வழியில் உடைந்துபோன சாமான்களுக்கு நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லும் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஆயுசு முழுக்க உடைந்த பீங்கானையும் நசுங்கிய அண்டாவையும் பார்த்துப் பார்த்து, உலகத்தில் எந்தப் பொருளும் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு முழுசாகப் போகாது என்ற முடிவுக்கு வந்திருந்தார். அப்படி ஓர் அவநம்பிக்கைவாதியிடம்தான் எங்கள் பேட்டை முழுவதும் தன் பிள்ளைகளின் தீனியை நம்பிக் கொடுத்தது.

காரணம் இருந்தது. அந்த நாளில் கடல் தாண்டி அனுப்புவது என்பது கிணற்றில் போடுகிற மாதிரிதான். போடுகிற சத்தம் கேட்கும், அவ்வளவுதான். எங்கள் பக்கத்து வீட்டு ஜெயா மாமி பிள்ளைக்குத் தட்டை செய்து தானே கட்டி அனுப்பினாள். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. "அம்மா, நீ அனுப்பின மாவு கிடைத்தது. அதை என்ன செய்வது என்று எழுதவும்." அன்றைக்கே ஜெயா மாமி ரோட்டைத் தாண்டி மாமாவிடம் சரணடைந்தாள்.

மாமாவின் முறையே தனி. டின், டின்னுக்கு மேல் அட்டைப்பெட்டி, அதற்கு மேல் காடாத் துணி, கோணி ஊசியால் நெருக்கமாகத் தையல், மூலைக்கு மூலை அரக்கு. விலாசத்தை மேலே எழுதுவார், அடியில் எழுதுவார், உள்ளேயும் ஓர் அட்டையில் எழுதிப் போடுவார். "முகம் கிழிஞ்சாலும் முதுகு இருக்கணும் ஓய். முதுகும் போச்சுன்னா வயித்துக்குள்ளே இருக்கணும்" என்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கும் இடத்தில் மட்டும் எல்லாப் பார்சலுக்கும் ஒரே பதில்தான்: அஜீரண மருந்து. தின்பண்டம் என்று எழுதினால் வழியில் யாருக்காவது பசிக்குமாம். ஒரு தடவை அங்கே சுங்க அதிகாரி சந்தேகப்பட்டு ஆவக்காய் டின்னைத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தாராம். கண்ணில் ஜலம் கொட்ட, "மருந்துதான்" என்று மூடிக் கொடுத்துவிட்டதாகப் பையன் எழுதியிருந்தான்.

கட்டி முடித்ததும் பார்சலைக் காதருகே வைத்து ஆட்டுவார். லேசாகக் 'கடக்' என்றாலும் பிரித்துவிடுவார்.

"பார்சல் பேசக் கூடாது. பேசற பார்சல் போய்ச் சேராது."

இதற்கு அடுத்ததுதான் தெருவுக்கே பொழுதுபோக்கு. பார்சலைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவார். கைப்பிடிச் சுவரோரம் நின்று, "பார்சல்!" என்று ஒரு குரல் கொடுப்பார். குடையை விரித்துக்கொள்கிறவர்கள் உண்டு. சைக்கிளை விட்டு இறங்கி ஓடுகிறவர்கள் உண்டு. அடுத்த நிமிஷம் பார்சல் தொப்பென்று ரோட்டில் விழும். நிதானமாகப் படியிறங்கி வந்து, எடுத்து ஆட்டி, மறுபடி மேலே போய், மறுபடி போடுவார். "இங்கேர்ந்து அங்கே போறதுக்குள்ளே எத்தனை பேர் இதைத் தூக்கி எறியப் போறான்! முதல் எறி நம்ம கையாலேயே இருந்துட்டுப் போகட்டுமே!"

ஒருநாள் பார்சல் காய்கறி வண்டியில் விழுந்துவிட்டது. வண்டிக்காரர் மேலே பார்த்துக் கத்தினார்.

"இன்னா சாமி! அமெரிக்காவுக்கு அனுப்புறேன்னு என் கத்திரிக்கா மேல அனுப்பிக்கினு கீறே!"

"உடைஞ்சுதா?"

"கத்திரிக்கா நசுங்கிப் போச்சு சாமி!"

"அதைக் கேக்கலைய்யா. பார்சல் உடைஞ்சுதா?"

ராகுகாலம் பார்த்துத்தான் தபாலாபீஸுக்குக் கிளம்புவார். அங்கே முத்திரை குத்துகிறவரிடம், "மெதுவா சார், உள்ளே அப்பளம் தூங்கிண்டிருக்கு" என்று கெஞ்சுவார். அவரைத் தூரத்தில் கண்டதுமே கவுண்டரில் இருப்பவருக்கு டீ குடிக்கப் போகும் எண்ணம் வந்துவிடும் என்று கேள்வி.

இப்படிப்பட்ட மனுஷனிடம்தான் எங்கள் அம்மா ஒருநாள் கண்ணாடி வளையலைக் கொண்டுபோய் நீட்டினாள்.

என் அக்கா டெட்ராய்ட்டில் இருந்தாள். தலைப்பிரசவம். அம்மா போகவும் முடியாது, அவள் வரவும் முடியாது. வளைகாப்பு மட்டும் அங்கேயே செய்துகொள்கிறேன் என்று எழுதியிருந்தாள். ஆனால் அந்த ஊரில் கிடைத்ததெல்லாம் பிளாஸ்டிக் வளையல்.

அம்மா கொதித்துவிட்டாள். "பிளாஸ்டிக் போட்டுண்டா சத்தம் எங்கேர்ந்து வரும்? உள்ளே இருக்கற குழந்தை வளையல் சத்தம் கேட்டுண்டு வளரணும்னுதானே வளைகாப்பே பண்றது!"

அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "ஒரு மணியை வாங்கி ஆட்டச் சொல்லேன்" என்றார். அதற்கு அம்மா சொன்ன பதிலைப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

பச்சையும் சிவப்புமாக இரண்டு கை நிறைய வளையலை எடுத்துக்கொண்டு அம்மா எதிர்ச்சாரிக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். வளையலைப் பார்த்ததும் மாமா ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார்.

"கண்ணாடியா, மாமி?"

"ஆமாம். ஒண்ணுகூட உடையாம போய்ச் சேரணும். வளைகாப்பு வளையல். உடைஞ்சா அபசகுனம்."

"கட்டிடலாம். ஆனா மாடிலேர்ந்து போட்டுப் பார்க்காம நான் எதையும் அனுப்பறதில்லையே."

"என் பொண்ணோட வளையலை மாடிலேர்ந்து போடறதா? வாயை அலம்புங்கோ! இங்கே ஒண்ணு உடைஞ்சாலும் நான் தாங்க மாட்டேன்."

 மாமா வளையலை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். "ஒரு வாரம், பத்து நாள் டயம் குடுங்கோ" என்றார்.

அந்தப் பத்து நாளில்தான் அவர் மானம் கப்பலேறியது.

ஜெயா மாமி ஒருநாள் காலையில் மூச்சிறைக்க வந்தாள். "கேட்டேளா? பார்சல் மாமா கோயில் வாசல்ல வளையல் வாங்கறார்! பச்சை, சிவப்பு! விரலெல்லாம் குவிச்சுண்டு தன் கைலயே சைஸ் பார்க்கறார்! நேத்திக்கும் வாங்கினாராம், முந்தாநாளும் வாங்கினாராம்!"

"மருமாளுக்கா இருக்கும்" என்றாள் அம்மா, ரசத்தைக் கவனித்துக்கொண்டே.

"ஆம்படையாளே இல்லாத மனுஷனுக்கு மருமாள் எங்கேர்ந்துடி வருவா?"

அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது.

சாயங்காலத்துக்குள் விஷயம் தெருவைச் சுற்றிவிட்டது. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பாட்டு டீச்சர் என்றார்கள். அதெல்லாம் இல்லை, அடையாற்றில் ஒரு நர்ஸ் என்றார்கள். கிண்டியில் என் ஆபீஸில்கூட, எங்கள் தெருக்காரர் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்பா மட்டும், "தினம் ஒரு டஜனா! பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவசரமாகப் பேப்பரைத் தூக்கிக்கொண்டார். மாமா தெருவில் நடந்தால் ஜன்னல்கள் திறந்தன. காய்கறி வண்டிக்காரர், "இன்னா மாப்ளே சாமி, கலியாணம் எப்போ?" என்று நேராகவே கேட்டார். மாமா காதில் விழாதது மாதிரி, கையில் வளையல் பொட்டலத்தோடு போய்க்கொண்டே இருந்தார்.

அம்மா தவியாய்த் தவித்தாள். இப்படிப்பட்ட ஆளின் கையாலா நம் பெண்ணின் வளைகாப்பு வளையல் போவது? வேறு யார் கையால் போனாலும் தட்டை மாவாகும் என்பதும் அவளுக்குத் தெரியும். எனவே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சொன்னபடி மாமா பெட்டியோடு வந்தார். பழைய எட்டுமுழ வேஷ்டியைச் சுருட்டி, அதில் வளையல்களை வரிசையாகக் கோத்து, நடுவே நாடா சுற்றி, டின்னுக்குள் இறக்கி, சுற்றிலும் பொரியைத் திணித்திருந்தாராம். டின்னுக்கும் பெட்டிக்கும் நடுவிலும் பொரி. அம்மாவின் காதருகே ஆட்டிக் காட்டினார். பார்சல் பேசவில்லை.

"போட்டுப் பார்க்காமயே கட்டியிருக்கேளே, உடையாம போய்ச் சேருமா?"

"சேரும்."

"எப்படிச் சொல்றேள்?"

"தெரியும், மாமி."

இரண்டு வார்த்தையில் மாமா பதில் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. 

பார்சல் போயிற்று. மாமா வளையல் வாங்குவதும் நின்றது. "பாவம், அந்தப் பொம்மனாட்டி கைவிட்டுட்டா" என்று ஜெயா மாமி கதையை முடித்து வைத்தாள்.

பார்சல் போய்ச் சேர்ந்த பாடில்லை. அக்காவுக்கு ஏழாம் மாதம் வந்தது, போனது. "பார்சல் வராமல் வளைகாப்பு இல்லை" என்று எழுதிவிட்டாள். அம்மாவின் பிடிவாதம் அப்படியே அவளுக்கு. எட்டாம் மாதத்தில் செய்கிற வழக்கமில்லை. ஒன்பதாம் மாதம் ஒன்றுதான் பாக்கி. அதுவும் தவறினால் குழந்தை சத்தமே கேட்காமல் பிறந்துவிடும் என்று அம்மா ராத்தூக்கம் இல்லாமல் கிடந்தாள்.

மாமாவோ எங்கள் வீட்டு வாசலைத் தாண்டுவதையே விட்டுவிட்டார். கடைக்குப் போக வேண்டுமென்றால் தெருவைச் சுற்றிக்கொண்டு போனார். தபால்காரரைத் தினம் மடக்கி, "அமெரிக்கா ஏதாவது?" என்று கேட்டார். அவர் பையைத் திறந்து உதறிக் காட்டியபின்தான் விடுவார். புதுப் பார்சல் எதையும் கட்ட மறுத்துவிட்டார். அந்த மாதம் அமெரிக்கா பூராவும் பையன்கள் வெறும் ரொட்டி தின்றிருப்பார்கள்.

கடைசியில் ஒருநாள் அக்காவின் நீல ஏர்மெயில் காகிதம் வந்தது. அம்மா நின்ற இடத்திலேயே பிரித்துப் படித்தாள். பார்சல் எந்தெந்த நாட்டையோ சுற்றிவிட்டு, யானை உட்கார்ந்து எழுந்த மாதிரி நசுங்கி வந்து சேர்ந்ததாம். டின் கோணல். வளையலில் ஒன்றுகூட உடையவில்லை! ஒன்பதாம் மாதம் நல்ல நாள் பார்த்துப் போட்டுக்கொண்டாளாம். "கையை ஆட்டினால் உள்ளே உதைக்கிறது அம்மா. பொரி நமுத்துவிட்டது, ஆனாலும் தாளித்துச் சாப்பிட்டுவிட்டோம்."

அம்மா அழுதாள், சிரித்தாள், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த முனியம்மாவிடம் ஓடினாள். முனியம்மா எதிர்ச்சாரியில் மாமா வீட்டிலும் பெருக்கித் துடைக்கிறவள்.

"முனியம்மா! ஒரு வளையல்கூட உடையலையாம்டி!"

"எப்டிம்மா ஒடையும்? அதான் இங்கயே அம்மாம் ஒடைச்சாரே அய்ரு!"

"என்னது?"

"மெய்யாலுமே உனக்குத் தெரியாதா? தெனம் வளையல் வாங்கியாந்து, பொட்டில வச்சு, மேல இருந்து கொல்லப் பக்கமா போட்டுக்கினே இருந்தாரும்மா. வைக்கோல் வச்சாரு, ஒடஞ்சிச்சு. பஞ்சு வச்சாரு, ஒடஞ்சிச்சு. கட்சீல பொரி வச்சாரு, அதான் நின்னுச்சு. கொல்ல பூராத் துண்டு. ஏங் காலைக்கூடக் கீசிச்சு. எல்லாத்தயும் அவரே வாரி முருங்கை மரத்தாண்ட பொதைச்சாரு. 'அந்தாத்து மாமி காதுல போட்டுடாதே'ன்னாரு. நானும் இம்மாம் நாளு சொல்லல."

 அபசகுனம் என்று அம்மா ஆடித் தீர்த்திருக்க வேண்டும். ஆடவில்லை. உள்ளே போய்ச் சேமியா பாயசம் வைத்தாள். ஜன்னல்கள் திறந்து பார்க்கப் பார்க்க, நடுத்தெருவில் நடந்து போய் மாமா கையில் கொடுத்தாள்.

"தெருவே உங்களை அப்படிப் பேசித்தே. வாயைத் திறந்து சொல்லப்படாதா?"

மாமா டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சொல்லியிருந்தா, வளையல் உடைஞ்சுதேன்னு நீங்க பொண்ணை நினைச்சுக் கலங்கியிருப்பேள். உடைஞ்சது என் பேர்தானே, மாமி. அதுக்கு நஷ்டஈடு கேட்டு யார் வரப் போறா?"

இரண்டு வருஷம் கழித்து அக்கா குழந்தையோடு வந்தாள். பெண் குழந்தை. அன்று மாலையே மாமா வந்தார், கையில் ஒரு பொட்டலத்தோடு. அம்மா பிரிக்க ஆரம்பித்தாள். காடாத் துணி, அட்டை, டின், பொரி, பழைய வேஷ்டித் துண்டு. எல்லாவற்றுக்கும் நடுவில் குழந்தைக் கைக்கு அளவான கண்ணாடி வளையல்கள், பச்சையும் சிவப்பும்.

"எதிர்ச்சாரிலேர்ந்து வர்றதுக்கா இத்தனை கட்டு?" என்றாள் அக்கா.

"நடுவிலே ரோடு இருக்கேம்மா. தபால்ல போட மனசு வரலை, நானே எடுத்துண்டு வந்துட்டேன்."

அக்கா குழந்தைக்குப் போட்டுவிட்டாள். அது தன் கையை ஒரு தடவை பார்த்தது. அப்புறம் ஆட்டியது. கலகலவென்று சத்தம் கூடத்தை நிறைத்தது. பார்சல் பேசக் கூடாது என்று ஆயுசு முழுக்கச் சொன்ன மனுஷர் காபியை ஆறவிட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். குழந்தை ஓய்ந்ததும் மெதுவாகச் சொன்னார்.

"இன்னொரு தடவை ஆட்டச் சொல்லேன்."