இருநூற்றுப் பதினான்கும் ஒரு சைபரும்

தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நாரை, கொக்கு, நாமக்கோழி தவிர இன்னொரு இனமும் உண்டு. இது வலசை போகாது. டீக்கடை, பஸ் நிறுத்தம், கல்யாண மண்டபம் என்று வருடம் முழுக்கக் காணக் கிடைக்கும். கூட்டிச் சொல்பவர் என்று பெயர். பொய்யர் என்று நினைத்துவிடாதீர்கள். பொய்யர் இல்லாததைச் சொல்வார். இவர் இருப்பதைத்தான் சொல்வார். என்ன, கொஞ்சம் தாராளமாகச் சொல்வார்.

ஆனைமருதூரில் உரக்கடை வைத்திருக்கும் சிவசண்முகம் அண்ணாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கடைக்குள் புகுந்த பாம்பு கடை வாசலில் நாலடி, தெருமுனையில் ஏழடி, திருநெல்வேலி ஜங்ஷனில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மலைப்பாம்பு. மகள் கல்யாணத்தில் ஐயாயிரம் இலை விழுந்தது என்பார். அந்த மண்டபத்திலோ முந்நூறு பேர் உட்கார்ந்தாலே சுவர் பிதுங்கும். அப்படிப்பட்டவர் கையில் போய்ப் பறவைக் கணக்கெடுப்புப் படிவத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்?

கொடுத்தார்கள். தை மாதம் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணும் வேலையை முன்னின்று நடத்தியவர் பாளையங்கோட்டை ஸ்வீட்லின் டீச்சர். அந்தந்தக் குளத்தை அந்தந்த ஊர்க்காரர்களே எண்ண வேண்டும், அப்போதுதான் அக்கறை வரும் என்பது அவர் கொள்கை. கூட்டமாகப் பறவை இருந்தால் முதலில் பத்தை எண்ணி, அது அடைக்கும் இடத்தைக் கண்ணால் அளந்து, அப்படி எத்தனை இடம் என்று பார்த்துப் பெருக்க வேண்டும் என்று பயிற்சியும் கொடுத்திருந்தார். இதில் பெருக்குவது மட்டும் அண்ணாச்சிக்கு உடனே பிடித்துப்போயிற்று.

அண்ணாச்சியோடு எண்ணப் போனவர், அந்தக் குளத்தில் மீன் பிடிக்கும் பாக்கியசீலன்.

"அண்ணாச்சி, அது அங்கன எண்ணின கூட்டம். எந்திரிச்சு இங்கன வந்து உட்காந்திருக்கு."

"இது வேற கூட்டம் வே. மூஞ்சியப் பாரும்."

"நாரை மூஞ்சியெல்லாம் அடையாளம் வச்சிருக்கியளோ? அடிச்சிட்டு எழுதுங்க."

பாக்கியசீலன் பிடித்த பிடியில் கடைசியில் நின்றது இருநூற்றுப் பதினான்கு. அண்ணாச்சி குளத்தைப் பார்த்தார். ஒரு காலத்தில் குளத்து நடுவே உள்ள திட்டில் முப்பது கருவேல மரங்கள் நின்றன. கூடு வைக்க நாரைக்கு நாரை சண்டை நடக்கும். இப்போது நிற்பது இரண்டு. அதிலும் ஒன்று சாய்ந்துவிட்டது. வந்த நாரைகள் மேலே ஒரு வட்டம் போட்டுப் பார்த்துவிட்டு, இடமில்லாத பஸ்ஸை விட்டுவிடுகிறவர்களைப் போலப் போய்க்கொண்டிருந்தன.

"இருநூத்திப் பதினாலுன்னு எப்படிவே எழுதுதது? பக்கத்து ஊரு குறிச்சிநல்லூர்க்காரன் சிரிக்க மாட்டானா?"

பாக்கியசீலன் வலையைப் பார்க்கப் போன நேரத்தில் பேனா பைய ஒரு சைபரைச் சேர்த்தது. ஒன்றே ஒன்றுதான். இரண்டு சேர்த்தால் பேராசை அல்லவா?

சாயங்காலம் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரைந்த பறவைப் படங்கள் சுவரெல்லாம் ஒட்டியிருந்தன. டீச்சர் வாசித்தார். "குறிச்சிநல்லூர், அறுநூற்று நாற்பது. ஆனைமருதூர், இரண்டாயிரத்து நூற்று நாற்பது." கைதட்டல். அண்ணாச்சி எழுந்து நாலு திசைக்கும் கும்பிட்டார்.

"ஆனைமருதூர்க் குளம் நல்லா இருக்கு. ரொம்பச் சந்தோஷம். அதனால, கோடையில நம்ம பிள்ளைங்க நடப்போற எண்பது கருவேலங்கன்னும் குறிச்சிநல்லூருக்கே போவுது. இந்த வருஷம் ஒரு குளத்துக்குத்தான் நம்மால முடியும். பறவை எங்க ரொம்பக் குறைஞ்சிருக்கோ, அங்கதான் நடணும்னு குரூப்புல அன்னைக்கே போட்டிருந்தேனே?"

போட்டிருந்தார். வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கம் போடவே அண்ணாச்சிக்கு நேரம் போதவில்லை. மற்றவர்கள் போடுவதை எப்போது வாசிப்பது?

கும்பிட்ட கை கீழே இறங்க மறந்து நின்றது. பாக்கியசீலன் அவர் விலாவில் குத்தினார்.

"சைபர் போட்டியளா? எந்திரிச்சு உள்ளதச் சொல்லுங்க."

"இத்தன பேருக்கு முன்னாலயா வே?"

"அந்த ரெண்டு மரமும் போச்சுன்னா நாரை எங்க கூடு கட்டும்? உங்க உரக்கடையிலயா?"

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "டீச்சர், அந்தக் கணக்குல ஒரு சின்னத் திருத்தம்."

"சொல்லுங்க."

"எங்க குளத்துல ஒண்ணுமே கிடையாது. ரெண்டே ரெண்டு நாமக்கோழி. அதுலயும் ஒண்ணுக்குக் கால் ஊனம்."

மண்டபம் அதிர்ந்தது. பாருங்கள், கூட்டிச் சொல்பவருக்குக் குறைத்தும் சொல்ல வரும். வராதது ஒன்றே ஒன்றுதான்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். பரீட்சை மண்டபத்தில் முப்பது வருடம் நடந்த பார்வை. "அண்ணாச்சி, எண்ணினது எத்தனை?"

"இருநூத்தி..." நெற்றி வியர்த்தது. மகள் கல்யாணத்தில்கூட அவருக்கு இப்படி வியர்த்ததில்லை. "பதினாலு."

அறுபது வயதில் அவர் வாயிலிருந்து வந்த முதல் சரியான எண் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் யார் நம்புவது? குறிச்சிநல்லூர்க்காரர்கள் எழுந்துவிட்டார்கள். கன்றுக்காகக் குறைத்துச் சொல்கிறார் என்றார்கள். மறுநாள் விடியற்காலையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு கரையிலும் நின்று எண்ணுவது என்று முடிவாயிற்று. அண்ணாச்சி ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. பறவை கூடிவிடுமோ என்று வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயந்தார்.

இருநூற்றுப் பத்தொன்பது.

கன்றுகள் ஆனைமருதூருக்கே வந்தன. கோடையில் தண்ணீர் வற்றியதும் பிள்ளைகள் குழி தோண்ட, அண்ணாச்சி ஒவ்வொரு கன்றுக்கும் தன் கையாலேயே குடத்தில் தண்ணீர் ஊற்றினார். எண்பது கன்று, எண்பது குடம். அதை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மறுவாரம் நாங்குநேரியில் ஒரு கல்யாண வீட்டில் அவர் குரல் கேட்டது: "எண்ணூறு கன்னு வே! ஒத்த ஆளா நின்னு தண்ணி ஊத்தினேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் வீட்டில் யாராவது "என்ன வாசிக்கிறீங்க?" என்று கேட்டால் பதிலில் மட்டும் கொஞ்சம் கவனம். "யாரோ ஒருத்தன் பத்துப் பக்கத்துக்கு எழுதித் தள்ளியிருக்கான்" என்று வாய் தானாகத் தொடங்கும். தொடங்கும் முன்னே, தயவுசெய்து, பக்கத்தை ஒருமுறை எண்ணிவிடுங்கள்.