சின்ன கரெக்‌ஷனும் ஒரு கிரேக்கத் தொப்பியும்

அமெரிக்காவில் சன்னிவேல் ஊரில் அந்த நாளில் தமிழ் பேசிக்கொண்டிருந்த அத்தனை பேரையும் ஒரு தடவையாவது வாயடைக்க வைத்த ஒரே மனிதர் சின்ன கரெக்‌ஷன்தான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது எங்கள் அபார்ட்மென்ட் லீஸ் பேப்பரில் மட்டும் இருந்தது. மற்றபடி யார் எதைப் பேசினாலும் ஆள்காட்டி விரலை லேசாகத் தூக்கி, "ஒரு சின்ன கரெக்‌ஷனுங்க" என்று ஆரம்பிப்பார். ஈரோட்டுக்காரர். ஆளைக் கொன்றாலும் 'ங்க' போட்டுத்தான் கொல்வார்.

தொண்ணூற்றேழில் நான் மெட்ராஸிலிருந்து போய் இறங்கியபோது எல் கமினோ ரியல் சாலைக்குப் பின்னால் இரண்டு பெட்ரூம் வீட்டில் நாலு பேர் இருந்தோம். அவர்தான் மூத்தவர், முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதை நான் காதாலேயே கேட்டேன், ஸ்பீக்கர் போனில்.

ஈரோட்டுப் பக்கம் கோபியிலிருந்து பெண்ணின் அப்பா பேசினார். "பொண்ணு நல்ல உசரமுங்க மாப்ள. அஞ்சடி நாலு."

"மாமா, ஒரு சின்ன கரெக்‌ஷனுங்க. நீங்க அனுப்புன போட்டோல பொண்ணு பக்கத்துல ஃப்ரிட்ஜ் நிக்குதுங்க. அந்த மாடல் உசரத்த வெச்சுப் பார்த்தா அஞ்சடி ஒண்ணரைக்கு மேல வரலைங்க."

மாமா போனை வைத்துவிட்டார். இவர் அதற்கப்புறமும் ரிசீவரைப் பார்த்து, "ஹீல்ஸ் போட்டிருந்தா இன்னும் கொறையுமுங்க" என்றார்.

எதிர் ஃப்ளாட் நண்பருக்கு மதுரையில் அப்பா தவறிவிட்டார். விசா சிக்கலில் ஊருக்குப் போகவும் முடியவில்லை. சோபாவில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுகிறார். "எண்பத்திரண்டு வயசு. கல்யாண சாவுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா அப்பா அப்பாதானே..."

நான் கண்ணாலேயே கெஞ்சினேன். விரல் எழுந்துவிட்டது.

"ஒரு சின்ன கரெக்‌ஷனுங்க. போன மாசம் நீங்க ஃபார்ம் ஃபில் பண்ணப்ப அப்பாவோட பொறந்த தேதி பார்த்தேன். எண்பத்தொண்ணுதானுங்க முடிஞ்சிருக்கு."

அழுதவர் அழுகையை நிறுத்தி, விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "ஆமா சார்" என்றார். பிறகு ஒரு வயது போனதற்கும் சேர்த்து அழுதார். வெளியே வந்ததும் நான் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா சார்?"

"தப்பா எழுதி வெச்சுட்டா அது அப்படியே நின்னு போயிருமுங்க தம்பி. அப்புறம் யாரு திருத்தறது?"

இப்படிப்பட்டவரை உலகத்தில் ஒரே ஒரு கூட்டம்தான் மதித்தது. அது கிரேக்க நாட்டுக் கால்பந்து ரசிகர்கள்.

கதை இதுதான். தொண்ணூற்று நாலில் உலகக் கோப்பைக் கால்பந்து அமெரிக்காவில் நடந்தது. இவர் அப்போது பாஸ்டன் பக்கம் வேலையில் இருந்தார். ஆபீஸில் யாரோ கிரீஸ் ஆடும் ஆட்டத்துக்கு ஒரு டிக்கெட் கொடுத்திருக்கிறார்கள். கால்பந்தைக் கண்ணால் பார்த்திராத மனுஷர், கிரிக்கெட் டெஸ்ட் மாதிரி சாயங்காலம் வரை நடக்கும் என்று நினைத்து, தயிர் சாதம் கட்டிக்கொண்டு போனார். டப்பாவைத் திறப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. கிரீஸ் நாலு கோல் வாங்கித் தோற்றிருந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த கிரேக்கர்கள் அதற்கப்புறமும் பாடிக்கொண்டிருந்தார்களாம். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு பேப்பர் நாப்கினில் தங்கள் ஆட்டக்காரர்கள் பெயரையும், யார் நாட்டுக்காக எத்தனை ஆட்டம் ஆடினார்கள் என்பதையும் எழுதிக் கூட்டிக்கொண்டிருந்தார். கூட்டல் தப்பு. இவர் விரலைத் தூக்கினார்.

"திருத்துனதுக்கு என்னைய ஒருத்தன் கட்டிப் புடிச்சது வாழ்க்கையில அன்னைக்குத்தானுங்க தம்பி" என்பார்.

அன்றிலிருந்து கிரேக்க ஆட்டக்காரர்களின் சாதனைப் பட்டியல் முழுக்க அவர் கம்ப்யூட்டரில். யார் முதல் கோல், யார் அதிக கோல், சின்ன வயதில் இறங்கியவர் யார், பெரிய வயதில் ஓய்ந்தவர் யார், எல்லாம். அந்த உலகக் கோப்பையில் கிரீஸ் மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் தோற்றது. பத்து கோல் வாங்கியது, ஒன்றும் போடவில்லை. மூன்று ஆட்டத்துக்கு மூன்று கோல்கீப்பர். அதை அவர் சொல்லும்போது கேட்டால் ஏதோ தாய்மாமன் குடும்பம் நொடித்துப்போன மாதிரி இருக்கும். ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கிரேக்கர்கள் இவருக்கு ஈமெயிலில் சந்தேகம் கேட்பார்கள். ஈரோட்டுக்காரர் பதில் போடுவார்.

"எழுபது கேப் வாங்கினவர்" என்று ஒருவரைப் பற்றி ஒருநாள் சொன்னார். எழுபது தொப்பியை வைத்துக்கொண்டு ஒருத்தன் என்ன சார் பண்ணுவான் என்று கேட்டேன். நாட்டுக்காக ஒரு ஆட்டம் ஆடினால் அதற்குப் பெயர் ஒரு கேப் என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். பட்டியலில் ஒரே ஒரு தொப்பி வாங்கினவர்கள் மேல்தான் அவருக்குப் பிரியம் ஜாஸ்தி.

இனிமேல் நான் சிரிப்பாகச் சொல்ல முடியாது. முயற்சி பண்ணுகிறேன்.

எல் கமினோவில் எங்களுக்கு முடி வெட்டியவர் கோஸ்டா என்கிற கிரேக்கக் கிழவர். கடைச் சுவரில் பழைய போட்டோ ஒன்று. நீலச் சட்டையில் பையன்கள் வரிசையாக நிற்பார்கள், ஓரத்தில் நிற்பவன் தான்தான் என்பார். "நான் கிரீஸுக்காக ஆடினவன். ஒரு கேப்!" நாற்பது வருஷமாகச் சொல்கிறார். கடைக்கு வருகிற எல்லோரும் தலையை ஆட்டுவார்கள், கத்தி கழுத்தில் இருக்கும்போது வேறென்ன செய்வது? ஆனால் பெற்ற பிள்ளைகளே நம்பவில்லை. "அப்பா கதை விடுறார்" என்று பேரப்பிள்ளைகள் முன்னாலேயே சிரிப்பார்களாம்.

இரண்டாயிரத்தில் கோஸ்டாவுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். கடையை மூடுவதற்கு முந்தின வாரம், நம்மவருக்கு முடி வெட்டி முடித்துத் துண்டை உதறிவிட்டுக் கேட்டார். எனக்கும் கேட்கட்டும் என்றோ என்னவோ, சத்தமாகவே கேட்டார்.

"நீ பொய் சொல்ல மாட்டே. எல்லாருக்கும் தெரியும். என் பேரைக் கண்டுபிடிச்சுக் குடு. பேப்பர்ல வேணும். நான் போறதுக்குள்ள என் பசங்க அதைப் பார்க்கணும்."

நாலு மாதம் மனுஷர் தூங்கினாரா என்றே தெரியாது. கிரேக்க எழுத்துக்களைக் கற்றுக்கொண்டார். ஊர் ஊராகக் கடிதம் போட்டார். கடைசியில் கிரீஸில் தெசலோனிகி நகரத்திலிருந்து ஒரு ரிடையர்டு ஆசாமி பழைய செய்தித்தாளின் ஜெராக்ஸ் ஒன்றை அனுப்பினார். அதில் கோஸ்டாவின் பெயர் இருந்தது! கடைசி பதினோரு நிமிஷம், காலில் அடிபட்டவருக்குப் பதிலாக இறங்கினார் என்று அச்சாகியிருந்தது. நான் துள்ளினேன். இவர் துள்ளவில்லை.

"எதிர்ல ஆடுனது நாடு இல்லைங்க தம்பி. வெளிநாட்டு ராணுவ டீம். அது இன்டர்நேஷனல் மேட்ச்சுன்னு கணக்குல வராதுங்க. கேப் கெடையாது."

"சார், அவர் சாகக் கிடக்கிறார். ஆடினார்ல? சட்டை போட்டார்ல? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க."

"நான் பொய் சொல்ல மாட்டேன்னுதானுங்க அவரு என்னைய கேட்டாரு. பொய் சொன்னா, அவரு கேட்டதை நான் குடுக்கலைன்னுதானுங்களே ஆகும்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கார் சாவியைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. நான்தான் அவரை ஏற்றிக்கொண்டு கோஸ்டா வீட்டுக்கு டிரைவ் பண்ணினேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஹாலிலேயே கட்டில் போட்டிருந்தார்கள். மூக்கில் ஆக்ஸிஜன் டியூப். இவர் ஜெராக்ஸை விரித்து, எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கிரேக்க மொழியிலேயே வாசித்தார். கோஸ்டா தன் பெயர் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கையை நீட்டி மனைவியைக் கூப்பிட்டார். "பார்த்தியா? பேப்பர்லயே இருக்கு! பசங்களுக்குப் போன் போடு. கேப்னு சொல்லு!"

மனைவி போனை எடுக்கப் போனார். அப்போது விரல் எழுந்தது. நான் இவர் கையைப் பிடித்து இழுத்தேன், நிஜமாகவே இழுத்தேன். ஆனாலும் சொல்லிவிட்டார். ரொம்ப மெதுவாக, ரொம்ப மரியாதையாக, முழுவதையும் சொன்னார். கோஸ்டா ஜெராக்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

சர்ச்சில் கோஸ்டாவின் மனைவி கறுப்பு உடையில் நின்றார். இவர் கையை நீட்டினார். அந்த அம்மாள் கை கொடுக்கவில்லை. "பத்து நாள்" என்றார். "பத்து நாள் உன்னால வாயை மூடிட்டு இருக்க முடியலையா?"

ஒன்பது நாள்தான். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். விரல் கால்வாசி எழுந்ததைப் பார்த்தேன். அடுத்த நொடி அது மடங்கி உள்ளே போய்விட்டது. நான் பார்க்க அந்த மனிதர் திருத்தாமல் விட்ட முதல் தப்பு அது.

அதற்கப்புறம் வீடு சுடுகாடு மாதிரி ஆகிவிட்டது. நாங்கள் வேண்டுமென்றே உளறிப் பார்த்தோம். "சார், ஈரோடு காவிரிக்கு வடக்குப் பக்கமா இருக்கு?" என்று கேட்டேன். "இருக்கலாமுங்க" என்றார். ஈரோட்டுக்காரர் ஐயா! "கிரீஸ் தொண்ணூற்று நாலுல ரெண்டு கோல் போட்டுச்சுல்ல?" என்றான் ஒருத்தன். "போட்டிருக்குமுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார். அவன் முகம் செத்துப்போய்விட்டது. அதோடு அந்த விளையாட்டை நிறுத்திக்கொண்டோம்.

இரண்டாயிரத்து ஒன்றில் கம்பெனிகள் ஆட்களைக் கூண்டோடு அனுப்பின. இவருக்கும் கடிதம் வந்தது. அதில் கடைசி வேலை நாள் என்று ஒரு மாதம் முன்னாலுள்ள தேதியைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். அதன்படி பார்த்தால் மனுஷர் ஒரு மாதமாக வேலையில்லாமல் அமெரிக்காவில் இருக்கிறார். அடுத்த கம்பெனி ஒன்று அவரை எடுக்கத் தயாராக இருந்தது. ஆனால் அந்த ஒரு மாத இடைவெளி இருந்தால் விசாவை மாற்றித் தர முடியாது. மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"சார், ஒரு மெயில் போடுங்க. அஞ்சு நிமிஷ வேலை. மாத்திக் குடுத்துடுவாங்க. உங்க கிரீன் கார்டு சார் இது!"

"இருக்கட்டுமுங்க தம்பி" என்றார். "எழுதுனது எழுதுனபடியே இருக்கட்டும். நான் ஒருக்கா திருத்துனது போதும்."

நான் கத்தினேன், காலில் விழாத குறை. அவருக்குத் தெரியாமல் நானே எச்.ஆருக்குப் போன் பண்ணினேன். சம்பந்தப்பட்டவர்தான் பேச வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். சான் பிரான்சிஸ்கோ ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டபோது, "பத்திரமா டிரைவ் பண்ணுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். போன பிறகு ஒரு கடிதம் இல்லை, போன் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார் என்றார் ஒருவர். பெருந்துறையில் பார்த்தேன் என்றார் இன்னொருவர். நான் போட்ட இரண்டு கடிதமும் திரும்பி வந்துவிட்டன.

கம்ப்யூட்டரை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். சில மாதம் கழித்து அதைத் துடைத்து யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று திறந்தேன். கிரேக்கப் பட்டியலைக் கடைசி வரை தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் புதிதாக ஒரு பக்கம். மேலே 'ஆடினார்கள், கணக்கில் வராது' என்று தலைப்பு. கீழே ஒரே ஒரு வரி. கோஸ்டாவின் முழுப் பெயர், தேதி, பதினோரு நிமிஷம். அந்தப் பக்கத்தைச் சேர்த்தது கோஸ்டா இறந்த மறுநாள் என்று கம்ப்யூட்டர் காட்டியது.

நான் அழுதேன் என்று எழுத வெட்கமாக இல்லை.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன். கதவை முழுசாகத் திறக்காமலேயே வாங்கினார். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். ரொம்ப நேரம் படித்தார், ஒரு வரியை எவ்வளவு நேரம் படிக்க முடியும்?

"இது தப்பு" என்றார்.

போச்சுடா என்று நினைத்தேன்.

"பதினொண்ணு இல்லை, பன்னிரண்டு. ரெஃப்ரி ஒரு நிமிஷம் கூடுதலா ஆட விட்டார். நான் அங்கதான் இருந்தேன், பசங்க என்னையும் நம்பலை. எங்களுக்குக் கல்யாணம்கூட ஆகலை. ஒவ்வொரு நிமிஷமும் எனக்குத் தெரியும். உன் சிநேகிதன்கிட்ட சொல்லு, மாத்தி எழுதச் சொல்லு." அப்புறம் கதவை முழுசாகத் திறந்து, "உள்ள வா, காபி குடிச்சுட்டுப் போ" என்றார்.

அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். கம்ப்யூட்டர் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது, அந்த வரியை நான் தொடவில்லை. சார், அது உங்கள் வேலை. அந்த அம்மாவுக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. திருப்பூரோ பெருந்துறையோ, எங்கே இருந்தாலும் ஒரு போன் பண்ணுங்கள். நீங்கள் இல்லாமல் நாங்கள் எல்லோரும் வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டு திரிகிறோம் சார், கேட்க ஆளில்லை.