பலாலியில் லூர்த்தம்மா இறங்கிய விதம்

யேசு மரி சூசை துணை

குருநகர்,
1983 மாசி.

அன்பின் மச்சான் சிமியோன் அறிவது,

உமக்கும் ஹம்பேர்க்கில் உள்ள பிள்ளைகளுக்கும் மாதா ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று தினமும் மன்றாடுகிறோம். நாங்களும் சுகம். உமது அக்கா லூர்த்தம்மாவும் நானும் வந்த விமானம் பலாலியில் உடைந்துபோனது. மற்றப்படி இங்கே புதினம் ஒன்றுமில்லை.

பதற வேண்டாம், முதலிலிருந்து எழுதுகிறேன். கொழும்பில் அக்காவின் வலது கண்ணில் புரை எடுத்து, தையல் போட்டு, பஞ்சு வைத்துக் கட்டிவிட்டார்கள். இடது கண்ணிலும் புரைதான். ஆளின் நிழல் மட்டும் தெரியும். டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அம்மா குலுங்கக் கூடாது, குனியக் கூடாது. ரெயிலிலை கூட்டிக்கொண்டு போகாதையுங்கோ. தையல் விட்டுதெண்டால் கண் போச்சு" என்றார். அதனால்தான், நீர் எழுதியபடியே, குலுங்காமல் ஊர் வந்து சேர்வதற்காக இரத்மலானையில் விமானம் ஏறினோம். எங்கள் ஒழுங்கையில் விமானத்தில் ஏறிய முதல் சோடி நாங்கள்தான் என்பதை இங்கே பெருமையுடன் குறிப்பிடுகிறேன்.

விமானம் என்றதும் பெரிதாக எண்ணிவிடாதையும். மினிபஸ்சுக்குச் செட்டை பூட்டினதுமாதிரி ஒரு சாமான். எங்களுக்கு முன் கதிரையில், வழக்குப் பேசுகிற அப்புக்காத்து தில்லைநாதன், கறுப்புக் கோட்டும் தோல்பெட்டியுமாக இருந்தார். வழி முழுக்கச் சுகமான பயணம். அக்காவுக்குத் தெரியாதே என்று, "இது ஆனையிறவு, உது தொண்டைமானாறு" என்று நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

பலாலிக்கு மேலே காற்று குறுக்கே அடித்தது. விமானம் ஒரு பக்கம் சரிந்து, நிமிர்ந்து, குலையிலிருந்து கழன்ற தேங்காய்மாதிரித் தொப்பென்று நிலத்தில் விழுந்தது. விழுந்து துள்ளியது, துள்ளி மறுபடியும் விழுந்தது, இடப்பக்கச் சில்லு முறிந்து, செட்டை தரையில் இழுபட்டு, கோழி மண் குளிக்கிறதுபோல ஒரு சுற்றுச் சுற்றி, ஓடுபாதையை விட்டே விலகிச் செம்பாட்டுத் தரையில் போய்க் குந்திக்கொண்டது. உள்ளே செம்மண் புழுதி, புகை, எண்ணெய் மணம். பக்கத்தில் இருப்பவரையே தெரியவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் எழும்பி ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள்.

அப்போதுதான் மச்சான், பாசையூர்ச் சந்தையில் மீன் விற்ற அந்தக் குரல் எழும்பியது.

"ஒருத்தரும் தள்ளாதையுங்கோ! வாயை மூடுங்கோ!"

எல்லாரும் மூடினார்கள். உமது அக்கா கண்கட்டை ஒரு கையால் பொத்திக்கொண்டு நின்றாள். "எனக்கு ஏறேக்கையும் கண் தெரியேல்லை, இப்பவும் தெரியேல்லை. கதிரை கதிரையாய்த் தடவித்தான் உள்ளுக்கு வந்தனான். கதவு பின்னுக்கு. என்ரை சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு ஒவ்வொருத்தராய் வாங்கோ."

அப்புக்காத்து வழியில் முழந்தாளில் நின்று பெட்டியைத் தேடினார். "வழக்குக் கட்டெல்லாம் அதுக்குள்ளை கிடக்குதம்மா!"

"ஐயா, உயிரோடை போனால்தான் வழக்குப் பேசலாம். எழும்புங்கோ!"

நீதவான் இருக்கச் சொன்னாலும் இருக்காத மனிசன், உமது அக்கா சொல்ல எழும்பினார்!

கதவு இறுகிப்போயிருந்தது. நான் தோளால் ஓங்கி இடித்தேன். திறந்தது. சீலைத் தலைப்பைப் பிடித்தபடி எல்லோரும் தரையில் குதித்துத் தூர ஓடினோம். ஒருவருக்கும் பெரிய காயமில்லை. முன்பக்கத்தால் இறங்கிய விமானி, நெற்றியில் இரத்தத்தோடு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உமது அக்காவின் முன்னால் நின்றார். அவளோ என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ, கண் போயிருக்குமே? உங்கடை முகத்தை ஒருக்கால் வடிவாய்ப் பாக்கலாமெண்டு இருந்தனான்."

நான் அவளது சீலையில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிவிட்டேன், மச்சான்.

அன்று பின்னேரமே யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்தார்கள். நான் செபமாலை சொல்லத் தொடங்கி, எந்த மணியில் நிற்கிறேன் என்று தெரியாமல் நின்றேன். டொக்டர் டோர்ச் அடித்து நெடுநேரம் பார்த்தார். "ஒரு தையலும் அசையேல்லை" என்றார். பிறகு தடித்த கண்ணாடி ஒன்றை அவளது கண்ணுக்கு முன்னால் பிடித்தார். உமது அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"டொக்டர், ஆர் இந்தக் கிழவர்?"

என்றுவிட்டுச் சிரித்தாள். பிறகு அழுதாள். நானும்தான்.

இப்போது வீட்டில் கால் வைக்க இடமில்லை. அப்புக்காத்து ஒரு பெரிய வாழைக்குலையோடு வந்து, கதிரையில் இருக்காமல் நின்றே கதைத்துவிட்டுப் போனார். பங்குச் சுவாமி ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் அவளது துணிவைப் புகழ்ந்தார். கதவு திறந்த விஷயத்தையும் சொல்லியிருக்கலாம், நேரம் போதவில்லைப்போலும். உமது குடும்பத்தில் பெண்ணெடுத்ததற்காக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறேன்.

கடலும் வானமும் படைத்தவர் உம்மையும் பிள்ளைகளையும் தமது கைக்குள் வைத்திருப்பாராக.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்
செபநாயகம்

பி.கு: உமது அக்கா இதைப் புதுக் கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு, திருத்தி எழுதினால்தான் சோறு என்கிறாள். கதவு என் தோளால் திறந்தது உண்மைதான். ஆனால் தோளை நான் கொடுக்கவில்லையாம். கதிரைக்குக் கீழே கிடந்த என்னைக் கொலரில் பிடித்துத் தூக்கிக் கதவில் மோதினது அவள்தானாம். மற்றது, இடது கண்ணுக்கு வைகாசியில் கொழும்புக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போக வர விமானந்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். மாதா அவளோடு போவா. நான் யாழ்தேவி ரெயிலில் போகிறேன்.